ரோதமுனிக்கும் சேர்த்து ஒரு பிணை

கணபதியைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன நான்காம் நாள் காலை, பாக்கியலெட்சுமி தன்னைப் பற்றி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். இரவு முழுக்க நன்றாகத் தூங்கியிருக்கிறாள்.

புருஷன் பதுளைச் சிறையில் விளக்கமறியலில் இருக்கும்போது பெண்சாதி இப்படித் தூங்கலாமா? கட்டிலில் உட்கார்ந்தபடியே அவள் தனக்குள் துக்கத்தைத் தேடிப் பார்த்தாள். இருக்கத்தான் செய்தது. ஆனால் பல்லிடுக்கில் மாட்டிய கறிவேப்பிலை நரம்பு அளவுக்குத்தான் இருந்தது. நாக்கால் தடவினால் தெரியும், மறந்தால் மறந்துபோகும்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் நிஷாந்தினி போன் எடுத்தாள்.

"அம்மா, அழாதீங்கம்மா."

"அழலியே."

"பின்ன என்ன சத்தம் அது?"

"கத்தரிக்கா வதக்குறேன்."

கணபதிக்குக் கத்தரிக்காய் ஆகாது. அந்த வீட்டில் கத்தரிக்காய் வதங்கிப் பல வருஷம் ஆகிறது என்று மகளுக்கும் தெரியும்.

"ஏம்மா, நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?"

"அடிப்பிடிக்குது, போனை வைடி" என்றாள் பாக்கியலெட்சுமி. வைத்த பிறகுதான், இல்லை என்று சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது.

கணபதி வெள்ளைமலைத் தோட்டத்து ரோதமுனிக்குப் பூசாரி. தேயிலை ஃபெக்டரியில் இலை அரைக்கிற ரோலர்களுக்குக் காவல் இருக்கிற சாமி அது. ஃபெக்டரிக்குப் பின்னால் ஒரு கருங்கல், ஒரு சூலம், மேலே நாலு தகரம். வருஷத்துக்கு ஒரு தடவை பூஜை வைக்காவிட்டால் ரோலர் யாருடைய கையையாவது கேட்கும் என்று தோட்டத்து மேனேஜர் துரை உட்பட எல்லோரும் நம்பினார்கள். கணபதி ரோலர் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அழைத்தால்தான் முனி வரும். படையலில் சேவல், சாராயம், சுருட்டு எல்லாம் உண்டு. அவற்றோடு ஒரு சின்னப் பொட்டலம் கஞ்சாவும் உண்டு. தோட்டம் உண்டான நாளிலிருந்து முனி அதைக் கேட்கிறது, கொடுக்கிறார்கள்.

இந்த வருஷம் பதுளை பஸ் நிலையத்தில் பொலிஸ் ஒரு நாயோடு நின்றது. நாய் நாற்பது பேருடைய பைகளைச் சட்டை செய்யாமல் கடந்து வந்து, கணபதியின் பைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது.

"சீ, எந்திரி. சாமி சாமான்ல மூக்க வைக்காத" என்று அவர் நாயைத் திட்டினாராம்.

எலுமிச்சம்பழம், சூடம், சுருட்டுக் கட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து, கடைசியில் பொட்டலமும் வந்தது. "என்னுடையது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டம் கட்டிவிட்டு வந்திருக்கலாம். கணபதி சொல்லவில்லை. சாமி பொருளைத் தன்னுடையது என்று சொன்னால் அது களவு அல்லவா?

"சாமி எப்படிக் குடிக்கும்?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"என் மேல வந்து குடிக்குங்க."

"எப்பவாவதா?"

"பதினெட்டு வருஷமா. ஒரு தடவகூடத் தப்பினதில்லீங்க."

இதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை அந்தப் பொலிஸ்காரர் அதற்கு முன் எழுதியிருக்கமாட்டார்.

அப்படியும் வழக்கின் முதல் தவணையிலேயே பிணை கிடைத்திருக்க வேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர் கிருஷ்ணராஜ் பதுளையில் நப்லா என்ற இளம் சட்டத்தரணியைப் பிடித்திருந்தான். கணபதி நல்ல மனுஷன், பூஜை செய்கிறவர் என்று ஒரு நற்சான்றுக் கடிதம் இருந்தால் போதும் என்று நப்லா சொன்னாள். கடிதம் எழுதியது தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பத்மநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். எதை எழுதினாலும் முழுமையாக எழுதுகிறவர். கணபதியின் நற்குணங்களை ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, அதற்கு ஆதாரமாக, வருஷா வருஷம் நிர்வாகம் பார்த்து அனுமதிக்கும் பூஜைச் சாமான் பட்டியலையும் பின்னால் இணைத்திருந்தார். ஏழாம் இலக்கத்தில், "கஞ்சா, சிறிதளவு" என்று இருந்தது. அடியில் ரப்பர் முத்திரை.

நீதவான் இரண்டாம் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, இந்த முத்திரை உண்மையானதா என்று கேட்டார். பின்வரிசையில் பத்மநாதன் எழுந்து நின்று, அது உண்மையானதுதான் என்றும், தன் கையாலேயே குத்தியது என்றும் நல்ல சிங்களத்தில் சொன்னார்.

வழக்கு அடுத்த புதன்கிழமைக்குப் போனது.

"ஐயா, ஏன் அதச் சேத்தீங்க?" வெளியே வந்ததும் நப்லா அழாக்குறையாகக் கேட்டாள்.

"பிள்ளை, நான் உள்ளதைத்தானே எழுதினனான். அரைகுறையாய்க் குடுத்தால் கோர்ட்டை ஏமாத்தின மாதிரியெல்லோ?"

"அந்த ஏழாவத மட்டும் விட்டிருக்கலாமே."

"ஆறுக்குப் பிறகு எட்டு வருமோ?" என்று கேட்டார் பத்மநாதன். அவருக்கு உண்மையிலேயே மனம் நொந்திருந்தது.

வழக்கைத் தள்ளிவைக்கும்போதே நீதவான் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். பிணை நிற்க இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவர் நிரந்தர வேலையில் உள்ள நெருங்கிய உறவாக இருக்கவேண்டும். கணபதியின் தம்பி கொஸ்லந்தையில் கிடைத்த வேலையைச் செய்கிறான். மகளின் கடை வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. இருபத்தாறு வருஷமாகத் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் பெயர் இருக்கிற ஒரே உறவு பாக்கியலெட்சுமிதான்.

கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே கிருஷ்ணராஜ் வந்தான்.

"அக்கா, ஒரு பிணைக்கு நான் நிக்கிறேன். இன்னொண்ணு நீங்கதான். வெள்ளிக்கிழம பூஜை. புதன்கிழம கூட்டிட்டு வந்துரலாம்."

"யோசிக்கணும்" என்றாள் பாக்கியலெட்சுமி.

தராசைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யோசிக்கணும் என்று சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"என்னா யோசிக்கிறது?" என்றாள் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் துஷாந்தினி. "ஒருவேள வேற மாப்பிள்ள பாத்துட்டியா?"

"இந்த வாரம் மட்டும் ரோலர் ரெண்டு தடவ நின்னுபோச்சுக்கா" என்றான் கிருஷ்ணராஜ்.

"கரண்ட் போனா நிக்கத்தான் செய்யும்."

"கரண்ட் ஏன் போச்சு?"

அவளுக்கும் முனியிடம் நம்பிக்கை உண்டு. அதுதான் அவளுடைய சங்கடமே.

பதினொரு வருஷத்துக்கு முன், மீரியபெத்தத் தோட்டத்தில் மண் சரிந்து ஆட்களைப் புதைத்த வருஷம், கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து தோட்டம் தோட்டமாக மலையை அளந்தார்கள். வெள்ளைமலையில் மேல் பிரிவு லயம், பாக்கியலெட்சுமி குடியிருக்கும் அந்த வரிசை வீடுகள், அபாயமான இடத்தில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். கீழ்ப் பிரிவில் தனித் தனி வீடுகள் கட்ட ஆரம்பித்தார்கள். வேண்டியவர்கள் படிவம் நிரப்பவேண்டும். புருஷனும் பெண்சாதியும் கையெழுத்து வைக்கவேண்டும். பாக்கியலெட்சுமி முதல் படிவத்தை அன்றைக்கே வாங்கி வந்தாள். கணபதியின் முன்னால் வைத்தாள்.

கணபதியின் கழுத்து விறைத்தது. கண்கள் செருகின. குரல் ஒரு படி கீழே இறங்கி, அடுப்படியில் இருந்த சட்டியெல்லாம் அதிர வந்தது. "அடியே மகளே! இந்த மலைய விட்டு நான் வரமாட்டேன்!"

அவள் ஓடிப்போய்ச் சூடம் கொளுத்தினாள். மன்னிப்புக் கேட்டாள். முனி மலையேறியது. கணபதி கண்ணைத் திறந்து, "என்னா நடந்துச்சு? தல வலிக்குது, ஒரு தேத்தண்ணி தா" என்றார்.

பிறகு இன்னும் இரண்டு தடவை படிவம் வந்தது. இரண்டு தடவையும் முனி வந்தது. கருவாடு பொரிக்கவில்லையே என்ற பேச்சு நீண்டாலும் வந்தது. மகளைக் கொழும்புக்கு அனுப்பும் பேச்சிலும் வந்தது, ஆனால் அன்றைக்கு மகள் முனியிடமே சொல்லிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஃபெக்டரிப் பூஜையில் முனி வரும்போது பாக்கியலெட்சுமியின் உடம்பெல்லாம் சிலிர்க்கும்; அது முனிதான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. வீட்டில் வருவது முனியா என்று மட்டும் அவ்வப்போது தோன்றும். தோன்றிய பாவத்துக்காகவும் சேர்த்து ஒரு சூடம் கொளுத்துவாள். முனி சொன்னது அவளுக்குத் தெரியும். கணபதி என்ன நினைக்கிறார் என்பது மட்டும் பதினொரு வருஷமாகத் தெரியாது. கேட்கிற நேரத்திலெல்லாம் அவர் வீட்டில் இருந்ததில்லை.

இப்போது நான்காவது படிவம் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் கொடுக்கவேண்டும். கீழே மிச்சமிருப்பது ஐந்து வீடுகள்தான் என்று பத்மநாதன் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணபதியைப் பார்க்க மறியல் சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கணபதி மெலிந்திருந்தார். தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் இருந்த கறிவேப்பிலை நரம்பு கொஞ்சம் பெரிதானது.

"பருப்புல உப்பில்ல" என்றார். "பூஜைக்குச் சேவல் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. ஏங்க, திரும்பவும் வீட்டுப் படிவம் வந்திருக்கு. நீங்க என்னா நெனைக்கிறீங்க?"

அவர் கழுத்து விறைத்தது. கண்கள் மேலே போயின. தொண்டையில் அந்த உறுமல் புறப்பட்டது. பாக்கியலெட்சுமியின் கை தன்னையறியாமல் பையில் சூடத்தைத் தேடியது.

காவலர் தடியால் கம்பியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "ஏய்! கெலின் இண்ட!" நேராக நில் என்று சிங்களத்தில் ஓர் அதட்டல்.

முனி தொண்டையோடு நின்றுவிட்டது. கணபதி நேராக நின்றார். கண்களும் நேராக இருந்தன.

"இங்க வேணாம்" என்றார் மெதுவாக. "வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் இதையே யோசித்தாள். முனிக்குப் பிடிக்காதது மறியலா, காவலரா? ரோலரையே அடக்குகிற சாமி ஒரு தடிக்கு அடங்குமா? இவ்வளவு காலம் அவளுக்குக் கோபம் வந்தபோதெல்லாம் அதோடு பயமும் கலந்து வந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்ததில்லை. இன்றைக்குக் கோபம் மட்டும் தனியாக வந்திருந்தது. அது அவளுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. ஆனால் கையெழுத்து வைத்தால் கணபதி மட்டுமா வீட்டுக்கு வருவார்? வைக்காமல் விட்டால் அந்த வெள்ளைத் தாடியை என்ன செய்வது? படிவம் அப்போதும் பாதிதான் நிரம்பும். மழை வந்தால் லயத்துச் சுவர் அப்போதும் அதே வெடித்த சுவர்தான்.

புதன்கிழமை காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், கிராம சேவகரிடம் வாங்கிய சான்றிதழோடு கிருஷ்ணராஜுடன் பதுளைக்குப் போனாள். என்ன செய்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. வீட்டுப் படிவமும் பையில் இருந்தது. ஏன் எடுத்து வந்தாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது.

பத்மநாதன் அவர்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். புதுக் கடிதம் கொண்டுவந்திருந்தார்.

"போன கிழமை நடந்த பிழையைத் திருத்தியிருக்கிறன்" என்று நப்லாவிடம் நீட்டினார்.

நப்லா இந்தத் தடவை வாசித்தாள். "மேற்படி ஏழாம் இலக்கப் பொருள் இவ்வருடம் முதல் தோட்ட நிர்வாகத்தால் வழங்கப்படமாட்டாது." கடிதத்தை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"வடிவா இருக்கோ?" என்று கேட்டார் பத்மநாதன்.

"ரொம்ப நல்லா இருக்கு ஐயா. இதக் காட்டினா துரையையும் சேத்து உள்ள வைப்பாங்க."

வழக்கைக் கூப்பிட்டார்கள். கணபதி கூண்டில் நின்று கூட்டத்தில் அவளைத் தேடினார். பொருள் சின்ன அளவு, முன்குற்றம் இல்லை, வயது அறுபத்தொன்று என்று நப்லா வரிசையாகச் சொன்னாள். பொலிஸ் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை. கிருஷ்ணராஜ் போய்ச் சொன்ன இடத்தில் கையெழுத்து வைத்தான். அடுத்து பாக்கியலெட்சுமியைக் கூப்பிட்டார்கள்.

நீதவான் சிங்களத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். "இந்த ஆள் ஒவ்வொரு தவணைக்கும் வரணும். மாசக் கடைசி ஞாயிறு பொலிஸில் கையெழுத்து வைக்கணும். மறுபடி இந்த மாதிரிக் குற்றம் செய்யக் கூடாது. இதுக்கெல்லாம் நீங்க பொறுப்பு. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஐயா, இவருக்கு மட்டுமா, இவரு மேல வர்ற சாமிக்கும் சேத்தா?"

மொழிபெயர்ப்பாளர் பேனாவை வைத்தார். "என்னம்மா?"

"இவரு வருவாருங்க. சொன்னாக் கேப்பாரு. ஆனா இவரு ஒண்ணு சொல்வாரு, சாமி வந்து வேறொண்ணு சொல்லும். கேட்டா எனக்குத் தெரியாதுங்கிறாரு. ரெண்டு பேருக்கும் நானே பொறுப்புன்னா, தெரிஞ்சுக்கிட்டு வைக்கணும்ல?"

மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தையும் விடாமல் சிங்களத்தில் சொன்னார். முதலில் வக்கீல்கள் சிரித்தார்கள், பிறகு பொலிஸ்காரர்கள், கடைசியில் கூண்டில் தங்கள் வழக்குக்காகக் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். நப்லா ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கணபதி சிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெண்சாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, நிதானமாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளரும் அதே நிதானத்தோடு தமிழில் சொன்னார்.

"நீதிமன்றத்துக்குத் தெரிஞ்சது ஒரு ஆள், ஒரு அடையாள அட்டை. அந்த ஆள் எந்தக் குரல்ல பேசினாலும், யார் பேர்ல பேசினாலும், பேசினது அவர்தான். பொறுப்பும் அவருக்குத்தான். அவருக்குப் பொறுப்பு நீங்க. விளங்குதா?"

"விளங்குதுங்க" என்றாள் பாக்கியலெட்சுமி. மிகவும் நன்றாக விளங்கியது. முத்துமுத்தாகக் கையெழுத்து வைத்தாள்.

பின்னேரம் கணபதியை வெளியே விட்டார்கள். கிருஷ்ணராஜ் சேவல் விஷயமாக டவுனில் நின்றுவிட்டான். இருவரும் பண்டாரவளை பஸ்ஸில் ஏறினார்கள். முன் ஆசனத்தில் பெரிய மரக்கறிக் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கணபதி பருப்பைப் பற்றியும், மூட்டைப் பூச்சியைப் பற்றியும், தன்னிடம் மகளுக்குக் கல்யாண நாள் கேட்ட ஒரு திருடனைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். டவுன் முடிந்ததும் பையிலிருந்து படிவத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"வீட்டுக்குப் போயிப் பாத்துக்கலாமே" என்றார்.

"இங்கயே பாப்போம்."

கழுத்து விறைத்தது. "அடியே மகளே!" என்று அந்தக் குரல் புறப்பட்டது. முன் ஆசனத்துப் பெண் திடுக்கிட்டுத் திரும்பி, கூடையை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்டக்டர் டிக்கட்டைப் பாதி கிழித்தபடி நின்றான். "இந்த மலைய விட்டு நான்..."

பாக்கியலெட்சுமியின் கை சூடத்தைத் தேடியது. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, கொஞ்சம் இருங்க" என்றாள். "நீங்க இப்ப என் பிணையில இருக்கீங்க. நீதவான் சொன்னத நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க? ஒரு ஆளு, ஒரு அடையாள அட்ட. இப்ப பேசுறது யாரு?"

முனி யோசித்தது. பதினெட்டு வருஷத்தில் யாரும் அதனிடம் வரம் கேட்டிருக்கிறார்களே தவிர, இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. முதலில் ஒரு கண் திறந்தது. பிறகு மற்றது.

"நாந்தான்" என்றார் கணபதி, மிகச் சின்னக் குரலில்.

"அப்ப நீங்க சொல்லுங்க. நீங்க என்னா நெனைக்கிறீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹாலிஎல ஊரைத் தாண்டும்வரை அவள் காத்திருந்தாள்.

"கீழ்ப் பிரிவுல காளியம்மன் கோயிலுக்கு ஒரு பூசாரி இருக்கான்" என்றார் கடைசியில்.

"இருக்கட்டும்."

"சின்னப் பய. மைக் வச்சுப் பூஜை பண்றான். அங்க போனா நான் யாரு? ரிட்டயர் ஆன ரோலர்காரன். ஒருத்தன் திரும்பிப் பாப்பானா?"

பாக்கியலெட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலையின் கோபம், முனியின் கட்டளை, வம்சத்துக்கே ஆகாது என்று எதையெதையோ அவள் கற்பனை செய்து வைத்திருந்தாள். ஒரு மைக்கை மட்டும் நினைக்கவேயில்லை. சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே கண்ணும் நிறைந்தது.

"பதினொரு வருஷமா மழ பேஞ்சா செவுத்துல கைய வச்சுக்கிட்டே படுத்திருக்கேன். அசையுதா அசையுதான்னு. ஒரு மைக்குக்காகவா?"

"மைக் மட்டுமில்ல. கலர் லைட்டும் போட்டிருக்கான்."

முன் ஆசனத்துப் பெண் கும்பிட்ட கையை எப்போதோ இறக்கிவிட்டிருந்தாள். "செவுரு வெடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"வெரல் போற அளவுக்கு" என்றாள் பாக்கியலெட்சுமி.

"அப்ப கையெழுத்த வைங்க பூசாரி. லைட்டு பெருசா, உசுரு பெருசா?"

"ரோதமுனி ஃபெக்டரிய விட்டு எங்கயும் போகப்போறதில்ல" என்றாள் பாக்கியலெட்சுமி. "நீங்க கீழருந்து ஏறி வந்து பூஜை வைங்க."

"அந்த ஏத்தத்துல முழங்கால் வலிக்குமே."

"வலிக்கட்டும்."

கணபதி படிவத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "வெள்ளிக்கிழம பூஜை முடியட்டும். சனிக்கிழம காலையில வச்சிர்றேன்" என்றார்.

அவள் அந்த முகத்தை ஆராய்ந்தாள். மனுஷன் உண்மை சொல்கிறாரா, பொய் சொல்கிறாரா என்று பார்ப்பதற்கு இப்போது அங்கே ஒரு மனுஷன் இருந்தார். அதுவே அவளுக்குப் புதிதாக இருந்தது. பொய்தான் சொன்னார்.

"பொய்" என்றாள்.

"பொய்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

கண்டக்டர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினான். கணபதி படிவத்தை முன் ஆசனத்தின் முதுகில் வைத்து எழுதத் தொடங்கினார். பஸ் ஒரு வளைவில் திரும்பியது. முதல் எழுத்து கோட்டிலிருந்து இறங்கிப் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டது.

"நல்லா எழுதுங்க" என்றாள் பாக்கியலெட்சுமி.

"அப்ப பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லு."

கண்டக்டர் மணியை அடித்தான். நடு ரோட்டில் பஸ் நின்றது.